ஆறு மாதச் சன்னது

— ஏட்டி ஜூடித்து, அந்த சர்க்கார் வக்கீல் தலையைக் குனிஞ்சானா இல்லையா? அதை மொதல்ல சொல்லு.

— குனிஞ்சான்மா.

— முழுசாச் சொல்லு. காது குளிரக் கேக்கணும்.

— சம்பான் படகுக்கார ரஹ்மத்துல்லா பாயே வந்து நின்னாரு. 'ஆலை மேஸ்திரி குத்துப்பட்ட நேரத்துல இந்தப் பொண்ணோட அண்ணன் பாக்கியசாமி என் சம்பான்ல அக்கரை சிரியத்துக்குப் போய்க்கிட்டிருந்தான். அன்னைக்கே போலீசுல சொன்னேன்'னாரு. அந்த வாக்குமூலத்தை ஜட்ஜுக்குக் காட்டாம வக்கீல் ஒளிச்சது நிரூபணம் ஆயிடுச்சு. ஆறு மாசம் கோர்ட்டுல வாதாடக் கூடாதுன்னு அவன் வக்கீல் சன்னதை நிறுத்திட்டாங்க.

— யேசுவே! பொட்டச்சிக்கு எதுக்கு பி.ஏ.ன்னு கேட்டாளே எதிர்வீட்டு மரியபுஷ்பம், இப்போ வாயைத் தொறக்கட்டும். எம்மவ பார் கவுன்சிலுக்கே இங்கிலீசுல எழுதி, கோட்டும் தொப்பியுமாத் திரிஞ்சவனைக் கீழ எறக்கிட்டா! லான்மடாவ் தெரு பூராச் சொல்லிட்டேன். கீழ்வீட்டு மா டின், மீன்சாறு ஊத்தி மொஹிங்கா ஆக்கித் தர்றேன்னா. உங்கண்ணன் நாலு கிண்ணம் குடிப்பானே. எப்போ விடுறாங்க?

— அம்மா, உக்காரு.

— மீனு பாதி ஆயாமக் கெடக்கு, ஏட்டி...

— உக்காருன்னா உக்காரும்மா! அண்ணனை விடமாட்டாங்க.

— ஏன்? ஒளிச்சது நிரூபணம்னியே?

— நானும் அதைத்தான் கத்தினேன். பார் கவுன்சில் வக்கீலோட ஒழுக்கத்தை மட்டுந்தான் விசாரிக்குமாம். கொலைக் கேசு அப்பீலோட முடிஞ்சுதாம். பொய் சொன்னவனுக்கு ஆறு மாசம் லீவு. எங்கண்ணனுக்குத் தூக்கு. வெக்கங்கெட்டவங்க!

— நாளைக்குல்ல தேதி? நீ எழுதினதுல அது நின்னு போச்சுன்னுல்ல இருந்தேன்...

— நானும் அப்படித்தாம்மா இருந்தேன். அவன் பொய் வெளுத்தா கயிறு தானா அவுந்துடும்னு. படிச்ச முட்டாள் நான்.

— வேற வழியே இல்லியா?

— கவர்னர் லாட்டு துரைக்குக் கருணை மனு போட்டிருக்கணுமாம். பெத்தவ கைநாட்டு போதுமாம், தூக்கை நிறுத்தி வச்சு விசாரிப்பாங்களாம். தவணை போன வாரமே முடிஞ்சுது. மாளிகை வாசல்ல போய் விழுந்தேன். துரை மேமியோ மலையில இருக்காராம், பாராக்காரன் தொரத்திட்டான். இத்தனை வக்கீல் இருக்கிற ஊருல, ஒருத்தன்கூட நமக்குச் சொல்லலியேம்மா!

— கைநாட்டு வைக்கிற காயிதமா, ஏட்டி?

— என்னம்மா? ஏன் அப்படிப் பாக்கிற?

— பர்னபாஸ் வக்கீல் அதைக் கொண்டாந்தாரு, ஏட்டி. போன மாசம், நீ பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தப்போ. கைநாட்டுக்கு மசிகூட கையோட வச்சிருந்தாரு. நாந்தான், 'எம்மவ பி.ஏ., அவ எழுதியாச்சு, உம்ம காயிதம் எங்களுக்கு எதுக்கு'ன்னு வாசலோட அனுப்பிட்டேன்.