திரும்பிப் பார்க்கும் நேரம்

ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்றைக்கும் கண்ணாடி வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள், பாவம், டீச்சருக்குக் கண் மங்கிவிட்டது என்று கருணையோடு எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

பள்ளியில் நான் கணக்கு டீச்சர். நானூறு மீட்டர் தேர்வு ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பதும் நான்தான். முதலாவதாக வருகிறவளின் நேரத்தை மட்டும் பள்ளிகளின் கூட்டமைப்புக்கு அனுப்புவோம். அங்கே பதினெட்டுப் பள்ளிகளின் நேரங்களையும் வரிசைப்படுத்தி, முதல் எட்டுப் பேரைத் தொலைவில் இருக்கும் விளையாட்டு விடுதிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளியில் எப்போதும் முதலாவதாக வருகிறவள் என் மகள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

முதல் வருடம் பட்டியலில் அவள் ஒன்பதாவது. அடுத்த வருடம் பதினொன்றாவது. சொந்தப் பெண்ணுக்கே அரை நொடி விட்டுக்கொடுக்காத நேர்மை என்று ஆசிரியர் அறையில் என்னை மெச்சினார்கள். நானும் டீயை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டேன். விளையாட்டு ஆசிரியர்தான் கொஞ்சம் குறும்புக்காரர்.

“டீச்சர், நம்ம பொண்ணைவிட உங்க வாட்ச்தான் வேகமா ஓடுது.”

“அப்ப அதையும் போட்டியில சேர்த்துக்குங்க சார்,” என்றேன்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. தன் கால்தான் சோம்பேறி என்று நம்பி, விடியுமுன் எழுந்து மைதானத்தைச் சுற்றினாள். கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தது. ஆறு வாரம் கட்டு. தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அந்த ஆறு வாரமும் வீடு எவ்வளவு கலகலப்பாக இருந்தது, தெரியுமா.

இந்த வருடத் தேர்வன்று காலை, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இந்த வாட்டி கோட்டைத் தாண்டினதும் உன்னைப் பார்க்க மாட்டேம்மா. உன் மூஞ்சியப் பார்த்தாலே நேரம் மோசமா வருது.”

“என் மூஞ்சி என்னடி பண்ணுச்சு?” என்று சிரித்தேன்.

ஓடினாள். கோட்டைத் தொட்டாள். சொன்னபடியே திரும்பவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் குனிந்து தண்ணீர் குடித்தாள். விளையாட்டு ஆசிரியர் என் கையை எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி. எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

“அழுத்தலையா டீச்சர்?”

“அவ இன்னும் திரும்பலையே சார்.”

வாய் தவறி வந்ததுதான். ஆனால் பொய் இல்லை. நெஞ்சு கோட்டைத் தொடும்போது அழுத்த வேண்டும் என்பது விதி. முந்தைய இரண்டு வருடமும், அவள் கோட்டைத் தாண்டித் திரும்பி, எவ்வளவும்மா என்று என் முகத்தைத் தேடிய பிறகுதான் அழுத்தினேன். இரண்டு நொடி கூடும். தெரிந்தே செய்தேன். விடுதிக்குப் போய்விட்டால் அந்தக் குழந்தை யார் முகத்தைத் தேடும்?

மறுநாள் மறுபடி ஓடவிட்டு வேறொருவர் அழுத்தினார். பட்டியலில் மூன்றாவதாம். திங்கட்கிழமை கிளம்புகிறாள். பெட்டியை அவளே கட்டிவிட்டாள். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. கோபமெல்லாம் இல்லை, ஊருக்குப் போகிற பதற்றம்.

வாட்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து கிளம்பியதும் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.