அன்று அடுப்பு எரியவில்லை

ஓடுகிறேன். இடுப்பில் குழந்தை. பின்னால் கூரை மூங்கில் வெடிக்கிறது. பட். பட். சற்று நிற்கிறது. மறுபடியும் பட். எழுபதுகளின் தொடக்கம். பங்குனி மாதம். மதியம் இரண்டு மணி. அடையாற்றங்கரையில் எங்கள் சேரி எரிகிறது.

"தெருப் பக்கம் போவாதீங்க. அங்கயும் பத்திக்கினு கீது. ஆத்துல எறங்குங்க."

யார் கத்தியது என்று தெரியவில்லை. ஆற்றை நோக்கித் திரும்பினேன். வழியில் என் நாத்தனார் தேவகியின் குடிசை. சின்ன வயதிலேயே அவளுக்குக் கால் இரண்டும் சூம்பிவிட்டன. நடக்க முடியாது. கதவு திறந்திருந்தது. "அண்ணி" என்றாள். ஒரே ஒரு முறை. நான் நிற்கவில்லை. குழந்தையை விட்டுவிட்டு வந்து தூக்கலாம் என்று நினைத்தேன். சேற்றில் இறங்கினேன். குழந்தையை ஒருத்தியிடம் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். கூரை இல்லை.

ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. என் கணவர் தி.நகரில் ஜவுளி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தீ வைத்தவர்கள் அது தெரிந்துதான் வந்தார்கள்.

சேரிக்கும் பெரிய தெருவுக்கும் நடுவில் ஒரே அடிபம்பு. தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் நாங்கள். முந்தின நாள் காலை நான் காத்திருக்கவில்லை. என் குடத்தை வைத்து அடித்தேன். ஒரு குடம்தான்.

அடுப்புத் தீ, விபத்து என்று போலீசார் எழுதினார்கள்.

ஆடியில் ஒரு பாதிரியார் இரண்டு பக்கத்தாரையும் சாந்தோமுக்கு அழைத்தார். பள்ளிக்கூட ஹால். மனம்விட்டுப் பேசுங்கள் என்றார். எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகவே மடங்கிவிட்டது. என் உடம்பும். எழுந்தேன். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதுகு சாயவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது.

தெருவில் தையல் கடை வைத்திருந்தவர் பேசினார். "அடுப்புலேர்ந்து பத்திக்கிச்சு. ஆளாளுக்கு எங்க மேல பழி போட்டா எப்படி?"

"அன்னிக்கு எங்க ஊட்ல அடுப்பே எரியல," என்றேன். "காலைலேர்ந்து பம்புகிட்ட எங்கள வுடல. தண்ணி இல்லாம இன்னாத்த ஆக்கறது? சேரியோட ரெண்டு முனையும் ஒரே நேரத்துல எரிஞ்சிது. எங்க அடுப்பு நடந்து போச்சா?"

மின்விசிறி கிறீச்சிட்டது. தையற்காரரின் மனைவி சரோஜா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இவருதான் மண்ணெண்ணெ டின்ன எடுத்துக்கினு போனாரு. கூட நாலு பேரு. ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஜன்னல சாத்திட்டேன்."

தையற்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. அவள் ஜன்னலைச் சாத்தினாள். நான் கதவைத் தாண்டி ஓடினேன். அதை அந்த ஹாலில் சொன்னேன். முதல் தடவையாக. என் கணவரும் அப்போதுதான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் சரோஜா என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தாள். வாசலில் இரண்டு மணி நேரம் நின்றோம். "முடிஞ்சுபோன கேஸும்மா," என்றார் எழுத்தர். பேனாவைத் திறக்கவில்லை. அந்த வாரமே சரோஜாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்குள்ளேயே பேசினோம்.

போலீசார் எழுதாததை இங்கே எழுதுகிறேன். முப்பத்தெட்டுக் குடிசைகள். பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம். ஒரு தையல் மிஷின். கட்டியிருந்த ஆடு ஐந்து. மனிதர்கள் மூன்று பேர். தேவகி, இருபத்திரண்டு வயது. செருப்புத் தைக்கும் மாரி, கண் தெரியாதவர். பிறந்து எட்டு நாளான ஒரு பெண் குழந்தை. அதற்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.