ஆளுக்கேத்த புத்தகம்

இல்லை ஐயா, இவர் வீட்டில இல்லை. வாசிகசாலையும் பூட்டோ? என்ர மனுசன் நல்ல வாசிகசாலைப் பொறுப்பாளர்! உங்களப்போல ஆக்களுக்கு முகம் குடுக்கப் பயந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் திரிவார். இருங்கோ. துறைமுகத்தில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்த செபஸ்தியன் ஐயாதானே? ஓம், தெரியும். கையில என்ன? இஞ்ச தாங்கோ பாப்பம்.

ஐயோ, இதையோ உங்களுக்குக் குடுத்தவர்? மனுசி செத்த துக்கம் ஆறாத மனுசனுக்கு, பெஞ்சாதியப் பறிகுடுத்தவன் பக்கத்துக்குப் பக்கம் அழுற கதை! கோவம் வராமல் என்ன செய்யும்? நல்லாச் சத்தம் போடுங்கோ, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும். உங்களுக்கு இப்ப துப்பறியும் கதைதான் சரி. அதுவும் கொலை இல்லாத கதை. நகை காணாமல் போகோணும், கடைசியில கிடைக்கோணும், ஒருத்தரும் சாகக்கூடாது.

மக்கீன் முதலாளிக்குக் கப்பல் கதை. புயல் இல்லாட்டித் தொடமாட்டார். போன கிழமை அவருக்கு இவர் எடுத்துக் குடுத்தது மாட்டு வைத்தியப் புத்தகமாம்! முதலாளி மேசையில எறிஞ்சிட்டுப் போனவராம்.

எனக்கு எப்பிடித் தெரியுமெண்டோ? சோறு தின்னேக்க இவர் சொல்லுறவர். ஆர் எதைப் பாதியில திருப்பித் தந்தது, ஆர் வீட்டில செத்தவீடு, எல்லாம். ஊர்ச்சனத்தின்ர விருப்பமெல்லாம் இந்த வீட்டில கதைபட்டதுதான். எனக்கு என்ன விருப்பமெண்டு மட்டும் இண்டைவரைக்கும் கேட்டதில்லை.

யப்பான்காரன் குண்டு போட்ட நேரம், புத்தகமெல்லாத்தையும் தேயிலைப் பெட்டியளில போட்டு இஞ்சதானே கொண்டந்து வைச்சவை. சனமெல்லாம் ஊருக்கு ஓடிட்டுது. இந்த வெள்ளவத்தையில கதைக்க ஒரு ஆளில்லை எனக்கு. பெட்டியைத் திறந்தன். ஒண்டு விடாமல் வாசிச்சன். இவரோ? பேப்பரில மரண அறிவித்தல் பாப்பார், மடிச்சு வைப்பார்.

ஆனா பேர் இவருக்குத்தான். முகத்தைப் பாத்தே புத்தகம் எடுத்துத் தாற மனுசன் எண்டு நீங்களும்தானே எழும்பி நிண்டு பேசினனீங்கள்? மாலையும் போட்டனீங்கள். சரி, போடட்டும் எண்டு பேசாமல் இருந்தனான்.

போன மாச வாசிகசாலைக் கூட்டத்துக்கும் வந்தனீங்கள்தானே? முதலாளின்ர பெஞ்சாதி மர்லியாவும் நானும், எங்களையும் மெம்பராச் சேருங்கோ எண்டு கேட்டிருந்தனாங்கள். அப்ப இவர் எழும்பி என்ன சொன்னவர்? என்ன ஐயா, தலையைக் குனியிறியள்? நீங்கள் சொல்லமாட்டியள், நான் சொல்லுறன். பொம்பிளையளுக்கு எதை வாசிக்கிறதெண்டு தெரியாதாம். புத்தகத்தைத் தூக்கினால் குசினியில கறி அடிப்பிடிச்சுப் போகுமாம். நீங்களெல்லாரும் சிரிச்ச சிரிப்பு, மதிலுக்கு வெளியில நிண்ட எங்களுக்குக் கேட்டது. மர்லியா பாவம், முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு நடந்து போனவ. அந்தப் பிள்ளையின்ர முகம் இன்னும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது.

வேண்டாம், மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். அவவிட்டப் போய்க் கேளுங்கோ. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

இல்லை ஐயா, இவருக்கு மூளை பிசகேல்லை. முந்தி நல்லாத்தான் எடுத்துத் தந்தவர், ஓம். ஆருக்கு எதைக் குடுக்கிறதெண்டு ஒவ்வொரு நாளும் நான் சொல்லிவிடுறனான். அந்தக் கூட்டத்தோட விட்டிட்டன். இப்ப அவரே எடுத்துத் தாறார்.