அன்புராசாவுக்கு இரண்டு மொனிற்றர்

லப்ரொப்பைப் பெரிய திரைகளோடு இணைக்கிற டொக்கிங் ஸ்ரேசன் வாங்குகிறவர்கள் அதில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். வயரின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. வயர் நீளமாக இருந்தால் லப்ரொப்பை மேசையின் எந்த மூலையிலும் வைக்கலாம். பெரிய மொனிற்றர்களை விரும்பிய பக்கத்தில் நிறுத்தலாம். சின்ன விடயம்தான், ஆனால் நடந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நான் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது அவர்களுக்குத் திரை பூட்டிக் கொடுத்தவன் நான்தான். சாதாரண ஆளுக்கு ஒரு மொனிற்றர், மனேஜருக்கு இரண்டு, உபதலைவருக்கு மூன்று. அந்த உபதலைவரின் மூன்று திரைகளிலும் ஒரே மின்னஞ்சல்தான் தெரிந்தது. அது பிழை என்று அவருக்கு மாதக்கணக்காகத் தெரியவில்லை. மூன்று மடங்கு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லாருக்கும் நான் சொல்லிக் களைத்தது ஒன்றுதான். கமெரா எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினால், அந்த முகத்துக்கு உரியவருக்கு நீங்கள் எங்கோ பக்கத்தில் பார்ப்பதாகத்தான் தெரியும். பொய்யை எழுதிவைத்து வாசிக்கிறவன் மாதிரி இருக்கும்.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்புராசா, ரூஜ் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் குடியிருந்தான். முல்லைத்தீவுப் பக்கம். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவனை அங்கே தடுப்புக்காவலில் வைத்து அடித்திருக்கிறார்கள். விட்ட பிறகும் தேடி வந்திருக்கிறார்கள். இங்கே அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் குடும்பத்தைக் கூப்பிடலாம். மறுத்தால் திரும்பிப் போக வேண்டும், போனால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சட்டத்தரணியிடம் என்னுடைய காரில்தான் போய் வந்தான். பஸ் தரிப்பிடங்களில் தன் படத்தை ஒட்டிவைத்திருக்கும் சட்டத்தரணி அவர். நேரில் இருப்பதைவிடப் படத்தில் அவருக்குத் தலைமயிர் அதிகம்.

அன்புராசா நல்லவன். கேட்காமலே டிரைவேயில் பனி தள்ளுவான்.

நானும் அகதியாக வந்தவன்தான், எண்பத்தொன்பதில். எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த ஆமிக் காம்பில் என்னை வதைத்த கதை இங்கேயுள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆண்டு மலரில் வந்திருக்கிறது. அதற்காகப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். கதை காலத்தோடு வளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்தில், றோட்டில் மறித்து ஒரு பின்னேரம் இருத்தி வைத்தார்கள் என்று நடந்ததைத்தான் சொன்னேன். அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

மகள் அட்சயா பல்கலைக்கழகம் முடித்ததற்கு வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். கேட்டதால் கதையைச் சொன்னேன். அன்புராசா சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று கவனமாகக் கேட்டான். பிறகு, ஒரு வஞ்சகமும் இல்லாமல், கேட்டான்.

"எந்தச் சந்தி அண்ணை, தபால்கந்தோர்ச் சந்தியோ? எங்கட மாமான்ர வீடும் அதிலைதான். அந்தக் காம்ப் தொண்ணூற்றாறிலை எல்லோ வந்தது."

"சோ, அப்பா," என்றாள் அட்சயா, "உங்கள ஆர் பிடிச்சது?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கமலாம்பிகை சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள்.

அன்புராசாவின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு, அண்ணை. நான் அப்ப சின்னப் பிள்ளை," என்றான். அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. பெரிய மனிதர்களின் காற்றை இறக்கிவிடுவது எனக்கும் பிடித்த வேலைதான், அதனால் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒருவன் என்மேல் இரக்கப்பட்டு, எனக்காகப் பொய் சொன்னான். என் வீட்டில், என் பேஸ்மென்ற்றில் இருப்பவன்.

அவனுடைய அகதிக் கோரிக்கை விசாரணை வீடியோவில் நடக்கும் என்று அறிவித்தார்கள். பூட்டித் தருகிறேன் என்று நானே சொன்னேன். வேலையிடத்தில் கழித்துவிட்ட டொக்கிங் ஸ்ரேசன் ஒன்றும் இரண்டு பெரிய மொனிற்றர்களும் என்னிடம் இருந்தன. லப்ரொப்பை மேசையின் வலது ஓரத்தில் வைத்து, அதன் சொந்தத் திரையை அணைத்தேன். அதன் கமெரா மட்டும் விழித்திருந்தது. விசாரிக்கும் அதிகாரியின் முகம் இடது பக்க மொனிற்றரில் வரும்படி அமைத்தேன். அதற்கும் அப்பால் மற்ற மொனிற்றரை வெறுமனே எரிய விட்டேன்.

"பெரிய ஆக்களோட முகத்தைப் பாத்துக் கதைக்கவேணும்," என்றேன்.

"ஓம் அண்ணை. நிலத்தைப் பாத்தா கள்ளன் எண்டு நினைப்பினம்."

விசாரணை நடக்கும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் மேலே, ஹீற்றர் துவாரத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். கீழே பேசுவது அதில் துல்லியமாகக் கேட்கும்.

நன்றாகத்தான் சொன்னான். என்னைப் போலக் கதையை ஏற்றி இறக்கத் தெரியவில்லை. அடிப்பதற்கு முன் அவர்களில் ஒருவன் "சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்டதாகவும், இல்லை என்று சொன்னதும் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்து, தின்று முடியும்வரை பொறுத்திருந்ததாகவும் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, இப்படி ஒன்றை நான் ஒருநாளும் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

அதிகாரி இடையில் நிறுத்தினார். எதைப் பார்த்து வாசிக்கிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"வாசிக்கேல்லை, ஐயா. உங்கட முகத்தைத்தான் பாக்கிறன்."

அங்கே வேறு திரை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"ஓம், இன்னொண்டு கிடக்கு."

அதில் என்ன இருக்கிறது?

"ஒண்டுமில்லை, ஐயா. நீலமாக் கிடக்கு."

அதைச் சொல்லும்போதும் அவன் அதிகாரியின் முகத்தைத்தான் பார்த்திருப்பான். அதிகாரிக்கு அவனுடைய காதுதான் தெரிந்திருக்கும். சட்டத்தரணி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் திரையில் தனக்குரிய சின்னப் பெட்டியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் இறங்கிப் போய் லப்ரொப்பைக் கொஞ்சம் திருப்பியிருக்கலாம். பதின்மூன்று படிதான். ஆனால் விதி விதிதான்.

தீர்ப்பை அன்றைக்கே சொன்னார்கள், மறுப்புத்தான். கோரிக்கையாளரின் பார்வை திரும்பத் திரும்பப் பக்கவாட்டில் போனது, கேட்டதற்கு நம்பக்கூடிய விளக்கம் தரவில்லை. மேன்முறையீடும் நிற்கவில்லை. விமான நிலையத்துக்கு நான்தான் ஏற்றிப்போனேன். "உங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தீங்கள், அண்ணை," என்று கையைப் பிடித்துக்கொண்டான். கொழும்பில் இறங்கியதும் அவனைக் கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய மனைவி ஒருமுறை ஊரிலிருந்து ரெலிபோன் எடுத்து, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

போன மாதம் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் நடந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். காம்பின் பெயரையும் ஆண்டையும் இந்த முறை சொல்லவில்லை. என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் அந்தப் பணிஸைத் தின்று முடிக்கும்வரை அவர்கள் பொறுத்திருந்ததை மட்டும், எல்லாருடைய முகத்தையும் நேரே பார்த்து, மெதுவாகச் சொன்னேன். அட்சயா அழுதாள். இனி ஒருவரும் சந்தேகப்பட முடியாத விதத்தில் அந்தக் கதை பாதுகாப்பாக இருக்கிறது. அன்புராசா இருந்திருந்தால் அவனும் சந்தோசப்பட்டிருப்பான்.