நாக்கின் கீழ் பத்து நிமிடம்

எங்கள் மையத்தில் தினமும் பத்து நிமிடம் அருமையான அமைதி கிடைக்கும். போதை ஊசியை விட வந்தவர்கள் ஏழு பேர், சுவரோரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் நாக்கின் கீழும் நான் இடித்துப் போட்ட மாத்திரைத் தூள். அது கரையும்வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். வீட்டில்கூட எனக்கு இந்த மரியாதை கிடையாது.

அழகருக்குத்தான் இது பெரும்பாடு. லாரியில் திராட்சைப் பெட்டி ஏற்றுகிறவர், வாய் சும்மா இருக்காது. நான் கேலி செய்தால் ‘ம்ம்ம்’ என்று கையை ஆட்டிச் சண்டைக்கு வருவார். நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள், மேடம். கண்ணில் நீர் வடிய, கொட்டாவிக்கு மேல் கொட்டாவியாக விட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

அரசாங்கத்தின் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசிக்குப் பதிலாக நாக்கின் கீழ் கரைகிற மருந்து, இலவசமாக, செவிலியர் கண்முன்னால். வலியும் ஏக்கமும் அடங்கி, மனிதன் வேலைக்குப் போகலாம். சர்க்கரைக்காரர் மாத்திரை சாப்பிடுவதுபோல, வருடக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை என்பார் டாக்டர் ஜெபமணி. மதுரையில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது, மதியம் நல்ல சாப்பாடு. கடைசியில் ஒரு தேர்வு. மருந்தைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. ‘மறுபடி ஊசிக்குப் போவார், பழைய அளவை உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும்’ என்று எழுதினேன். முழு மதிப்பெண். சான்றிதழ் உங்கள் தலைக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது.

ஆனால் அந்த ‘வருடக்கணக்கில்’தான் எனக்கு ஒப்பவில்லை. என் அண்ணன் கர்ணன் மொடாக் குடியன். நான்தான் அவனைக் கருப்பசாமி கோவிலுக்கு இழுத்துப் போய், இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்ட வைத்தேன். சாகும்வரை ஒரு சொட்டு தொடவில்லை. மாத்திரையா சாப்பிட்டான்? மனதில் உறுதி இருந்தால் போதும். அது தங்களுக்கு இருப்பது பல பேருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சுரேஷ்கண்ணனுக்கும் தெரியவில்லை. தேவாரத்துப் பையன், இருபத்தொன்பது வயது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புக்கு அவன்தான் டிரைவர். பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் மருந்துக்கு வந்தான். கல்யாணம் செய்துகொண்டான். மனைவி விஜியைக் கூட்டிவந்து, “யக்கா, இந்த மருந்துதான் எனக்குக் கொலசாமி” என்றான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நல்ல பையன் ஒரு மாத்திரையைப் போய்க் கும்பிடுகிறானே.

மறுநாளே காய்ச்சல் மாத்திரையை இடித்து அவன் நாக்கின் கீழ் போட்டேன். அதுவும் வெள்ளை, அதுவும் கசப்பு. அவனுக்கு உரிய மாத்திரைகளை ஊறுகாய் பாட்டிலில் சேர்த்தேன். இதோ மேஜையில் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் விற்கவில்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் உடம்பை முறுக்கிக்கொண்டு வந்தான்.

“யக்கா, மருந்து பிடிக்கல போலக்கா. எலும்பெல்லாம் நோகுது.”

“ஏலே, மலைக்காத்து ஒத்துக்கிட்டிருக்காது. சுக்குத்தண்ணி வச்சுக் குடி, சரியாப் போகும்.”

அதற்கடுத்த வாரம் விஜி தனியாக வந்தாள். “யக்கா, அவுக ஒறங்கியே நாளாச்சு. காலப் போட்டு ஒதைக்கிறாக. டாக்டரய்யாட்டச் சொல்லணும்க்கா.”

“நான் சொல்லிக்கிறேன் ஆத்தா, நீ வீட்டுக்குப் போ” என்று அனுப்பினேன். சொல்லவில்லை. பாவம், டாக்டருக்கு ஆயிரம் வேலை.

இருபதாம் நாள் வந்தான் பாருங்கள், அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சவரம் செய்து, தலை வாரி, எனக்கென்று ஒரு கை ஏலக்காய் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தான். “தெளிஞ்சிருச்சுக்கா” என்றான். எனக்குப் பொறுக்குமா? கையைப் பிடித்து மருந்தறைக்குள் இழுத்துப்போய், வாயில் ஒரு லட்டைத் திணித்து, பாட்டிலைக் காட்டினேன். “இருவது நாளா நீ மருந்தே திங்கலடா, சிங்கம்!”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். லட்டை மெல்லாமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லக்கா. நான் தெனம் மலையேறுறவன். பதினெட்டு பொம்பளைக என்னைய நம்பி உக்காந்திருக்காக.”

அதோடு போனவன் திரும்பி வரவில்லை. மருந்து தேவையில்லாதவன் எதற்கு வர வேண்டும்? பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘குணம்’ என்று எழுதினேன். இத்தனை வருட வேலையில் அந்த ஒரு சொல்லை அன்றுதான் முதல்முதலாக எழுதினேன், மேடம்.

ஆறாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளிகளோடு ஜீப்புக்கு வந்திருக்கிறார்கள். டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்தவன் அசதியில் உறங்குகிறான் என்று கொஞ்ச நேரம் எழுப்பாமல் நின்றிருக்கிறார்கள். ஊசி காலடியில் கிடந்திருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முன்பே நடந்ததால் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. இதில் நல்லதையும் பார்க்க வேண்டும்.

விஜி கொடுத்த புகாரில் உள்ளது அத்தனையும் நிஜம், நான்தான் செய்தேன். ஆனால் ஆய்வக அறிக்கையை நீங்களே வாசித்தீர்கள். அவன் உடம்பில் நம் மாத்திரை கொஞ்சம்கூட இல்லையாம். அதைத்தானே நானும் சொல்கிறேன், அவன் அதை விட்டுவிட்டான். கடைசி நாள் ஊசி ஒரு சறுக்கல். அதற்குக் குணமானதே பொய் என்று ஆகிவிடுமா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அழகர் தனக்கு ஜலதோஷம் என்று வெளியே சொல்லிக்கொண்டிருப்பார். ஜலதோஷமெல்லாம் இல்லை. சுரேஷ்கண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவருக்கும் காய்ச்சல் மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். இன்று ஐந்தாம் நாள். டாக்டரைக் கூப்பிட்டு அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள், மேடம், உங்களுக்கே தெளிவாகும். கயிறு கட்டிய பிறகு என் அண்ணன் நாலு நாள் தாங்கினான். சுரேஷ்கண்ணன் இருபத்தாறு நாள் தாங்கினான். அழகர் இன்னும் கூடத் தாங்குவார்.