கூரியம்மா கேட்ட கல்

நம்ம பூட்டனுக்குப் பூட்டன் பொறக்காத காலம். அப்ப ஓலையேந்தல்ல கூரியம்மா, கூரியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. ஒரே மகன், பேரு மூக்கன். கம்மாய்த் தண்ணிக்காக ஓலையேந்தலுக்கும் பக்கத்து நெருஞ்சிக்குடிக்கும் சண்டை வந்துச்சு. மடையைத் தொறக்கப் போன மூக்கன் பொணமாத்தான் வீட்டுக்கு வந்தான். வெட்டுனது நெருஞ்சிக்குடி சாத்தப்பன்னு ரெண்டு ஊருக்கும் தெரியும்.

பொறவு ரெண்டு ஊருப் பெரியவுகளும் கூடி, முறை வச்சுத் தண்ணி பாச்சிக்கிறதுன்னு பேசி முடிச்சாகளாம். நடந்ததைப் பத்தி இனி யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடும் போட்டாக. கூரியம்மா வாசல்ல வந்து நின்னு, ராசியாயிருச்சு ஆத்தான்னாக. பூசாரி ஒரு கெடாவை வெட்டி, சாந்தி கழிச்சாச்சுன்னார். ஜமீன் ஆளு குதிரையில வந்து, ஊரு அமைதியா இருக்கணும்னு மெரட்டிட்டுப் போனான். ஊரும் அமைதியாத்தான் இருந்துச்சாம். இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளல.

உக்காந்தா எந்திரிப்பாளாம். எந்திரிச்சா நடப்பாளாம். அடுப்புல ஒலையை வச்சுட்டுக் கம்மாக்கரைக்குப் போவா. போய் நின்னதும், எதுக்கு வந்தோம்னு தெரியாமத் திரும்புவா. வந்து பாத்தா ஒலை வத்திக் கெடக்கும். மறுபடி கரைக்குப் போவா. அவ நடந்து நடந்து புல்லுல தடமே விழுந்துபோச்சுன்னு சொல்லுவாக.

அதான் சமாதானமாயிருச்சே மதினி, இன்னும் என்னன்னு கொழுந்தன் கேட்டானாம்.

"உங்களுக்கு ஆயிருச்சு. எனக்கு நிம்மதியில்லையே"ன்னாளாம்.

ஒருநா உச்சிவெயில்ல, நடந்த நடை நிக்காம எல்லையைத் தாண்டி நெருஞ்சிக்குடிக்குள்ளயே போயிட்டா. இடுப்புல என்ன சொருகியிருக்காளோன்னு ஊரே கதவைச் சாத்திக்கிருச்சாம். சாத்தப்பன் மட்டும் வெளிய வந்தான். ஆளு பாதியா எளைச்சுப் போயிருந்தான். அவ முன்னால தலையைக் குனிஞ்சு நின்னான்.

"வெட்ட வரலய்யா. எம்மகன் எப்பிடிச் செத்தான்? அதை எனக்கு யாருமே சொல்லல."

ஊருக்குள்ள பேசக்கூடாதேன்னு, அவளைக் கூட்டிக்கிட்டு எல்லைக்கு வந்தானாம். அங்க ஒரு கல்லு கெடந்துச்சு. அதுல உக்காந்தான். அவ எதுத்தாப்புல தரையில உக்காந்தா. மண்ணைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"அவன் சண்டைக்கு வரல ஆத்தா. குனிஞ்சு மடையைத்தான் தொறந்தான். நான் பின்னால நின்னு வெட்டுனேன். ஒடனே உசுரு போகல. 'எங்காத்தாகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க'ன்னான். நான் ஓடிட்டேன்."

கூரியம்மா அழுகலையாம். இன்னொருக்கச் சொல்லுன்னா. சொன்னான். இன்னொருக்கன்னா. பொழுது சாயுற வரைக்கும் சொன்னான். கடைசியா, போதும்னுட்டு எந்திரிச்சா.

மன்னிச்சாளான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவாக. சாகுற வரைக்கும் அவன் வீட்டுல ஒருவாய்த் தண்ணி குடிக்கல. நடையும் முழுசா நிக்கல. ஆனா அதுக்குப் பொறவு எங்க போறோம்னு தெரிஞ்சு நடந்தாளாம். அந்தக் கல்லு வரைக்கும் போவா, செத்த நேரம் உக்காருவா, வீட்டுக்கு வந்து சோறு பொங்குவா.

அந்தக் கல்லு இப்பவும் எல்லையில கெடக்கு. கேட்ட கல்லுன்னு பேரு. ரெண்டு ஊருக்கும் ஒரு வழக்குன்னா, செஞ்சவன் அதுல உக்காந்து செஞ்சதை வாய்விட்டுச் சொல்லணும். பறிகுடுத்தவுக போதும்னு சொல்ற மட்டும் சொல்லணும். அது வரைக்கும் சமாதானங்கிற பேச்சை எந்தப் பெரியவரும் எடுக்கமாட்டாக.