ரேகை விழாத விரல்

பூட்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் பூட்டைத்தான் பார்க்கிறார்கள், மேடம். முதலில் பார்க்க வேண்டியது கதவை. என்ன கனம், எந்தப் பக்கம் திறக்கிறது, மழைக்கு ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கதவு வழியாக யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பூட்டு கடைசி. விருத்தாசலத்தில் இவ்வளவு யோசித்துப் பூட்டு வாங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஏட்டையா என் பெயரை வெறும் பூபாலன் என்று எழுதியிருக்கிறார். டாக்டர் பூபாலன். போன வருடம் புதுச்சேரியில் ஓர் ஓட்டல் மாடியில் கறுப்பு அங்கி போர்த்தி, குஞ்சம் தொங்குகிற தொப்பி வைத்து, சமூக சேவைக்காகப் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறது என்று அண்ணி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாஜ்மகாலைக்கூட நான் பார்த்ததில்லை, அதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா.

அண்ணி என்றால் ராணி. என் அண்ணன் சுப்பிரமணியனின் சம்சாரம். இரண்டு பேரும் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் சூளையில். அண்ணி பிசிறு தேய்க்கிற பிரிவில். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை ஃபியூஸ் கட்டைக்கு ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கட்டை வழவழப்பாகும்போது விரலும் கூடவே வழவழப்பாகிவிடும். அது கம்பெனியின் தப்பு இல்லை, விரலின் தப்பும் இல்லை. நான் அரசாங்க உத்தியோகம், இப்போது ஓய்வு. வீடு அண்ணனும் நானும் சேர்ந்து கட்டியது. அண்ணன் போன பிறகு அவருடைய பாதி அண்ணிக்கு வந்தது. பின்கட்டு அறையில் இருந்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, பத்திரம் அப்படி.

எங்களுக்குள் விரோதம் என்று தெருவில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். விரோதம் என்பது பெரிய வார்த்தை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய வாரம், கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பலகையைப் பார்த்து வந்தவள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அண்ணி வெளியே போய்விட்டார்.

"இவரு ஊசி போடுற டாக்டரு இல்ல தாயீ. மேடையில போத்தி வுட்ட டாக்டரு. நீ பஸ்ஸ்டாண்டாண்ட போ, அங்க நெசமான டாக்டரு இருக்குறாரு."

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைக் கண்டால், "போத்துன டாக்டருக்கு சக்கர கம்மியா ஒண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் கோபப்படவில்லை, மேடம். என் சுபாவம் அது இல்லை. பூட்டு பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டுக்கு வெளிக்கதவு மூன்று. தெருவாசல், பின்கட்டுக் கதவு, பக்கவாட்டுச் சந்தில் இரும்புக் கேட். அண்ணியின் கம்பெனிச் சிநேகிதிகள் சந்து வழியாக வந்து, பின்கட்டில் நுழைந்து, ஹாலில் என் சோபாவில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்கிற வழக்கம் இருந்தது. பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா. சாவிப் பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அண்ணி சாவியை எங்காவது தொலைத்துவிடுவார். தொலைத்ததில்லை, ஆனால் தொலைக்கலாம். எண் அழுத்துகிற பூட்டு பார்த்தேன். அண்ணிக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய போன் நம்பரும் மனப்பாடம். ஒரு தடவை சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. அதுதான் ஆபத்து. அட்டை காட்டினால் திறக்கிற பூட்டும் இருந்தது. தாலி இறங்கிய கழுத்தில் அட்டை தொங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். போனால் திறக்கலாம் என்றால் அண்ணியிடம் இருந்தது பட்டன் போன். மிஞ்சியது விரல்.

விரல்போல உத்தமமான சாவி உலகத்தில் இல்லை. தொலையாது, இரவல் கொடுக்க முடியாது. ஏழை பணக்காரன், படித்தவன் படிக்காதவன் என்று பார்க்காது. சமத்துவம் பேசுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் விரல் பூட்டுதான் மாட்ட வேண்டும். எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது கை தட்டினார்கள்.

கடலூரில் உள்ள கடைக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வீட்டில் கொழுந்தன் அண்ணியைப் பூட்டு பார்க்க அழைத்துப் போகிறான், சொல்லுங்கள். கடைக்காரப் பையன் கோகுலகிருஷ்ணன் பலகைகளில் பூட்டுகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தான். நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை. அண்ணியைத்தான் ஒவ்வொன்றிலும் விரலைப் பதித்து, மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வந்தேன். பையன் நெகிழ்ந்துபோனான். வருகிறவர்கள் எல்லாம் தங்கள் விரலைத்தான் வைத்துப் பார்ப்பார்களாம், வீட்டுப் பெரியவங்களை முன்னால் நிறுத்திப் பார்த்த ஒரே ஆள் நான்தானாம். டீ வாங்கிக் கொடுத்தான்.

அன்றைக்கு அண்ணிக்கே மனம் இளகிவிட்டது. வடலூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் வாங்கி, மிளகாய்த்தூள் தொட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். "ஏதோ வாய்த் துடுக்குல பேசிப்புட்டேன், மனசுல வச்சிக்காத தம்பி" என்றார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல பழம்.

பூட்டு மாட்டிய அன்று கற்பூரம் காட்டி, முதலில் நான், பிறகு என் மனைவி சுபாஷினி, பிறகு அண்ணி என்று விரல் பதித்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் உடனே பச்சை விளக்கு எரிந்தது. அண்ணிக்குச் சிவப்பு. விரலைத் தலைமுடியில் தேய்த்து, முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. அவர் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"வூட்டு வாசல்லயே ரேஷன் கடைய தொறந்துட்டியா தம்பி?"

ரேஷன் கடை மெஷினில் அவருக்கு ரேகை விழாது. மாதாமாதம் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவார். ஆதார் எடுக்கப் போனபோதும் அதே கதை. ஆமாம், மேடம், கூட்டிக்கொண்டு போனது நான்தான். பக்கத்தில்தான் நின்றேன்.

கடையில் திறந்ததே என்று அண்ணி கேட்டார். விற்கிறவன் கடையில் எல்லாம் திறக்கும் அண்ணி, என்றேன். அதை அவர் நம்பினார்.

நான்தான் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேனே, வெளியிலிருந்து ஒரு குரல் கொடுங்கள், வந்து திறக்கிறேன் என்று சொன்னேன். இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும். ஒரே ஒரு சங்கடம், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். 'தம்பி, கதவ தொற' என்றால் சரியாகக் கேட்காது. 'டாக்டர்' என்று கூப்பிட்டால் கேட்கும். இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், சுபாஷினி வருகிற வரைக்கும் வாசல்படியில் கூடையோடு உட்கார்ந்திருப்பார். பூட்டு இங்கிலீஷில் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று சொல்லும். தெருவில் போகிறவர்களை நிறுத்தி அதைச் சொல்ல வைத்துக் காட்டுவார்.

"கேட்டியா, பிளீசு பிளீசுன்னு கெஞ்சுது. ஆனா தொறக்க மாட்டுது. வாங்கியாந்தவரு கணக்கா மருவாத தெரிஞ்ச பூட்டு."

அண்ணிக்கு நம்பராவது கொடுங்களேன் என்று சுபாஷினி கேட்டாள். இந்தப் பூட்டில் அந்த வசதி இல்லை என்று சொன்னேன். இருந்தது. போனில் அதை அணைத்து வைத்திருந்தேன்.

பின்கட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகப் பூட்டிக்கொள்கிற ரகம். உள்ளிருந்து வெளியே போகலாம், திரும்பி வருவதற்குத்தான் விரல் வேண்டும். அண்ணி அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட பீங்கான் கட்டை ஒன்றைக் காலால் தள்ளிக் கதவிடுக்கில் சொருகிவிட்டுத்தான் துணி காயப்போடப் போவார். கொல்லையில் முன்பு வேப்பமரம் இருந்தது. பின்கதவுப் பூட்டின் கேமராவை மறைக்கிறது என்று வெட்டிவிட்டேன். தரை முழுக்கச் சிமெண்டு. மதிலின்மேல் பீங்கான் சில்லு பதித்திருக்கிறது. சந்துக் கேட்டிலும் இரண்டு பக்கமும் இதே பூட்டுதான். ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர்கள் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இவற்றில் எதையும் நான் அந்த ஒரு நாளுக்காகச் செய்யவில்லை. எல்லாம் ஏற்கெனவே இருந்தவை.

அந்த நாளுக்காகச் செய்தது ஒன்றே ஒன்று. சேத்தியாத்தோப்பில் சுபாஷினியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். மங்கல காரியம், அண்ணியைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கூப்பிடவில்லை. அக்கினி நட்சத்திர நேரம். காரில் ஏறுவதற்கு முன், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பின்கதவோரம் அந்தப் பீங்கான் கட்டை கிடந்தது. பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் கதவு இடுக்கில் கட்டை கிடக்கலாமா. எடுத்துக் கார் டிக்கியில் போட்டேன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். நான் எறியவில்லை, ஒளிக்கவும் இல்லை.

சேத்தியாத்தோப்பில் டவர் கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னேன். அது சரியில்லை. கிடைத்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் 'விருத்தாசலம் டாக்டர் பூபாலன் அவர்கள்' என்று வாசித்தார். அப்போதுதான் போன் சிணுங்கியது. தெரியாத விரல் என்று வந்தது. பிறகும் வந்தது, பிறகும் வந்தது. எத்தனை தடவை என்பது போனிலேயே இருக்கிறது. அண்ணிக்கு இரண்டு கையிலும் வாளி இருந்திருக்கும், பின்னால் கதவு சாத்திக்கொண்டிருக்கும். திறப்பதா வேண்டாமா என்று போன் என்னிடம் கேட்டது. நான் வேண்டாம் என்று அழுத்தவில்லை, மேடம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அழுத்தவில்லை. கை எச்சில்.

கொஞ்சம் கழித்துப் பூட்டில் இருக்கிற மணியை அழுத்தினார். அழுத்தினால் என் போனில் முகம் தெரியும், குரல் கேட்கும். முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். 'தம்பி' என்றார். நான் காத்திருந்தேன். அடுத்த தடவையும் 'தம்பி'தான். மாத்திரை உள்ளே இருக்கிறது, நேரமாகிவிட்டது என்றார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. கொல்லையில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், அந்த நேரத்தில் கை வைக்க முடியாது.

பாயசம் வந்த நேரத்தில் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை முகம் தெரியவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார் போல. குரல் மட்டும் வந்தது.

"டாக்டரே, கதவ தொறங்க."

மேடம், நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து என்னை 'வா', 'போ', 'தின்னு' என்றே பேசிய வாய் அது. என் கல்யாண மேடையிலும், நான் ஓய்வு பெற்ற அன்றும் அப்படித்தான் பேசினார். 'தொறங்க' என்ற அந்த 'ங்க', அது வருவதற்கு எத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்று உங்களுக்குப் புரிகிறதா. மண்டபத்தில் மேளச் சத்தம். சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்தது. வெளியே வந்து, புங்கமரத்து நிழலில் நின்று, பதிவை இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். அதன் பிறகும் ஒரு தரம் கேட்டேன். 'ங்க'தான்.

அப்போதே திறந்திருக்கலாம். திறப்பதாகத்தான் இருந்தேன். பதிவில் இல்லாமல் நேராக ஒரு தடவை சொல்லிக் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று, மணி அடிப்பதற்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. மறுபடி வீம்பு பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அண்ணி எப்போதும் பிடிவாதக்காரர்.

சாயந்திரம் பின்கதவை முதலில் திறந்தவள் சுபாஷினி. என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க போன்ல தெரியலியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் இந்த நிமிடம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கோகுலகிருஷ்ணன் உங்களிடம் சொன்னது உண்மைதான். கடையில் அண்ணியின் விரலுக்கு எல்லாப் பூட்டும் திறந்தது, ஒன்றைத் தவிர. தேய்ந்த விரலையும் படிக்கிற பூட்டுகள் இப்போது வந்துவிட்டன என்று பையன் எடுத்துச் சொன்னான். அண்ணி டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஒன்றைக் காட்டி, இதில் மூன்று போடு என்றேன். கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்கு முன்னால் விட்டுப்போனதை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

சற்று முன் ஏட்டையா என் பத்து விரலையும் மையில் உருட்டித் தாளில் வைத்தார். ஒன்றைக்கூட இரண்டாம் தடவை வைக்க வேண்டியிருக்கவில்லை. கோடு கோடாக எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது, பாருங்கள். ஒரு பாவமும் அறியாத கை, மேடம், இப்படித்தான் விழும்.